நாய்க்கு முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

பின்னங்கால் முழங்காலில் எலும்புகளைப் பிணைத்திருக்கும் சிலுவை ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, நாயை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டவர்களுக்கான குறிப்பு இது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. எந்தத் தொந்தரவு கண்ணில் படுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் மூன்று பகுதிகளை மட்டும் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

## எந்த ஆபரேஷன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிஸ்சார்ஜ் தாளில் பெயர் இருக்கும். பெரிய நாய்களுக்குப் பரவலாகச் செய்வது டிபிஎல்ஓ (TPLO). முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல்முனையை வளைவாக அறுத்து, கொஞ்சம் திருப்பி, தகடும் திருகும் வைத்துப் பொருத்துவார்கள். கிழிந்த ஜவ்வை யாரும் தைப்பதில்லை. எலும்பின் சரிவு குறைந்துவிடுவதால் அந்த ஜவ்வு இல்லாமலே முழங்கால் வழுக்காமல் நிற்கிறது. டிடிஏ (TTA) என்பதும் எலும்பை அறுத்துச் செய்வதுதான். அதில் எலும்பின் முன்விளிம்பை முன்னால் நகர்த்துகிறார்கள். மூன்றாவது வகையில் எலும்பில் கை வைக்காமல், மூட்டுக்கு வெளியே வலுவான நைலான் இழையைக் கட்டிவிடுவார்கள். சின்ன நாய்களுக்கு இதை அதிகம் செய்வதுண்டு. அந்த இழை காலம் முழுக்கத் தாங்காது. அதற்குள் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.

இது எதற்குத் தெரிய வேண்டும் என்றால், கீழே சொல்லும் நாள் கணக்குகள் ஆபரேஷனைப் பொறுத்து மாறும். எலும்பை அறுத்த நாய்கள் பெரும்பாலும் சில நாளிலேயே விரல் நுனியைத் தரையில் வைத்துப் பார்க்கும். இழை கட்டிய நாய்கள் இன்னும் நிதானமாக வரலாம். ஆனால் எல்லா வகைக்கும் ஒரு சங்கடம் பொது. இரண்டு வாரத்தில் வலி பெருமளவு குறைந்து நாய்க்கு உற்சாகம் வந்துவிடும். எலும்பு சேரவோ தழும்பு இறுகவோ குறைந்தது 8 வாரம் ஆகும். பெரும்பாலான வில்லங்கம் இந்த நடுக்காலத்தில்தான் நடக்கிறது.

## நேற்றோடு ஒப்பிடுங்கள்

பல அறிகுறிகளுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. வீக்கம் என்றால் வீக்கம்தான். நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நினைவை நம்ப முடியாது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. எனவே தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் தையலை ஒரு போட்டோ எடுங்கள். சமதளத்தில் நாய் மெதுவாக நடப்பதைப் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் சின்ன வீடியோவாக எடுத்து வையுங்கள். டாக்டருக்கு போன் செய்யும்போது "கொஞ்சம் மோசமா இருக்கு டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த வீடியோ நூறு மடங்கு உதவும்.

ஆரோக்கியமான நாயின் ஆசனவாய் வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தூங்கும்போது நிமிடத்துக்கு 30 மூச்சுக்குள் விடும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்த முதல் நாளே இதையெல்லாம் பார்த்துக் குறித்து வைத்துவிடுங்கள்.

## உடனே கிளம்ப வேண்டியவை

காலை வரை பார்க்கலாம் என்று இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது: ஈறு வெளுத்துப் போவது, நிற்க முடியாமல் சரிவது, தையல் வாய் திறந்து உள்ளே சதை தெரிவது, ரத்தம் நிற்காமல் சொட்டுவது, கருப்பாகத் தார் போன்ற மலம், மீண்டும் மீண்டும் வாந்தி, 24 மணி நேரமாகச் சிறுநீரே போகாதது, 39.5 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு சோர்ந்து கிடப்பது. நன்றாக ஊன்றிக்கொண்டிருந்த கால் வித்தியாசமான கோணத்தில் தொங்கினாலும் அதே கதைதான்.

## அறிகுறி: முதல் இரவு முழுக்க முனகுகிறது, மூச்சிரைக்கிறது, படுக்கவே மாட்டேன் என்கிறது

முதல் இரவு பெரும்பாலான வீடுகளில் யாரும் தூங்குவதில்லை. மயக்க மருந்தும் வலுவான வலி மருந்தும் உடம்பிலிருந்து இறங்கும்போது நாய்க்கு ஒரு குழப்பம் வரும். எங்கேயோ வெறித்துப் பார்க்கும், ஒரே குரலில் முனகும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரியாகத் திரும்பாது. வலியால் வரும் அழுகை கொஞ்சம் வேறு மாதிரி. அந்தக் காலின் பக்கம் கை போனால் உடம்பு இறுகும், படுக்கும் நிலையை மாற்றிக்கொண்டே இருக்கும், தலையைத் திருப்பிக் காலையே பார்க்கும்.

வெளிச்சத்தைக் குறைத்து, குளிர்ச்சியான அமைதியான அறையில் வையுங்கள். ஒரு வேளை சிறுநீருக்கு முட்டிக்கொண்டு நிற்கிறதோ என்று வெளியே ஒரு நடை கூட்டிப்போய்ப் பாருங்கள்; பல நேரம் சிக்கல் அவ்வளவுதான். அடுத்த வேளை வலி மருந்துக்கான நேரம் தப்பிவிட்டதா என்றும் பாருங்கள். எழுதிக் கொடுத்த அளவைக் கொடுத்தும் மறுநாள் அதே நிலை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். மருந்தை மாற்றுவதோ இன்னொன்றைச் சேர்ப்பதோ அவர் முடிவு.

மனிதர்களுக்கான வலி மாத்திரையை எடுத்து நீட்டவே வேண்டாம். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் எல்லாம் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் டாக்டர் அளவு சொல்லாமல் கூடாது. மனிதர்களுக்கான சில திரவ மருந்துகளில் இனிப்புக்கு சைலிட்டால் சேர்ப்பார்கள். அது நாய்க்கு நஞ்சு.

## அறிகுறி: சாப்பிடவில்லை, மலம் போகவில்லை

முதல் 24 முதல் 48 மணி நேரம் பசி மந்தமாக இருப்பது சகஜம். வழக்கமான உணவைக் கொஞ்சம் சூடாக்கி, கையில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். தண்ணீராவது குடிக்கிறதா என்பது முக்கியம். இரண்டு நாளைத் தாண்டியும் எதையும் தொடவில்லை என்றால் போன் செய்யுங்கள்.

மலம் 3 அல்லது 4 நாள் வராமல் இருக்கலாம். ஆபரேஷனுக்கு முன் பட்டினி, வலி மருந்தால் குடல் மந்தம், போதாததற்கு முக்குவதற்குக் குனிந்து உட்காரக் காலில் தெம்பில்லை. வயிற்றின் அடியில், பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் ஒரு துண்டைக் கொடுத்து லேசாகத் தூக்கிப் பிடித்தால் பல நாய்கள் அப்போதே போய்விடும். முக்கி முக்கி வராமல் போவதும், 5 நாள் தாண்டுவதும் டாக்டருக்குச் சொல்ல வேண்டியவை.

## அறிகுறி: வாந்தி, பேதி, தள்ளாட்டம்

மருந்துச் சீட்டைக் கையில் எடுங்கள். கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் போன்ற வீக்கம் குறைக்கும் வலி மருந்து இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல். வாந்தியோ பேதியோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். இந்த வகையில் ஒன்றோடு இன்னொன்றையோ, ஸ்டீராய்டையோ சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அரிப்புக்கென்று முன்பு வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரை வீட்டில் கிடந்து, அதை யாராவது இன்னும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் எல்லோரிடமும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

தள்ளாட்டமும் தூக்கக் கலக்கமும் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் வலிக்குக் கொடுக்கும் காபாபென்டின் அல்லது அமைதிப்படுத்தக் கொடுக்கும் டிராசோடோனின் வேலை. ஆபத்தில்லை என்றாலும் தள்ளாடுகிற நாய் வழுக்கி விழும். அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.

## அறிகுறி: கணுக்கால் வீங்கிப் போயிருக்கிறது

ஆபரேஷன் முழங்காலில், வீக்கம் கணுக்காலில். பார்த்ததும் பயம் வரும். ஆனால் மூட்டைச் சுற்றித் தேங்கிய நீரும் ரத்தமும் புவியீர்ப்பில் கீழே இறங்கி இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் கணுக்காலில் வந்து நிற்பது எதிர்பார்ப்பதுதான். தொடையின் உள்பக்கம் ஊதா, பச்சை, மஞ்சள் என்று கன்றிப்போவதும் அப்படித்தான். அந்த வீக்கத்தைத் தொட்டால் மெத்தென்று இருக்கும், நாய் அதிகம் கவலைப்படாது, ஒரு வாரம் பத்து நாளில் வடிந்துவிடும்.

முதல் மூன்று நாள் துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம் முழங்காலுக்கு 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு 3, 4 தடவை. பிறகு கணுக்காலிலிருந்து தொடையை நோக்கி மேல்நோக்கி லேசாக நீவிவிடலாம். தையலின் பக்கம் போக வேண்டாம்.

வீக்கம் கல் போல இறுகி, சூடாக, தொட்டால் நாய் கடிக்க வருவது வேறு விஷயம். அன்றே காட்டுங்கள். நாள் போகப் போகப் பெரிதாகிறதா என்று சந்தேகம் இருந்தால் வீக்கத்தின் எல்லையைச் சுற்றி, மழித்த தோலில் பேனாவால் மெல்லிய கோடு போடுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் அதற்குமேல் வாதம் தேவையில்லை.

காலில் கட்டு போட்டு அனுப்பியிருந்தால் கதை மாறும். கட்டுக்குக் கீழே நடுவிரல் இரண்டையும் பாருங்கள். அந்த இரண்டு நகங்களும் வழக்கமாக ஒட்டியபடி பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவை விலகி விரிந்து நின்றால் பாதம் வீங்குகிறது, கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். விரல் சில்லென்று இருந்தாலும் கட்டு நனைந்துவிட்டாலும் நாற்றம் அடித்தாலும் அன்றே கட்டை மாற்ற வேண்டும். நீங்களே அவிழ்த்துச் சுற்ற வேண்டாம். தவறான இறுக்கத்தில் சுற்றிய கட்டு பாதத்துக்கு ரத்தம் போவதையே நிறுத்திவிடும்.

## அறிகுறி: தையல் சிவந்திருக்கிறது, கசிகிறது

முதல் இரண்டு மூன்று நாள் ஓரத்தில் லேசான சிவப்பும், தெளிந்த நீர் அல்லது ரத்தம் கலந்த இளஞ்சிவப்பு நீர் ஒரு சில சொட்டும் பரவாயில்லை. மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாக வந்தால், வாடை அடித்தால், சிவப்பு தையலைவிட்டு வெளியே பரவினால், அது கிருமி. இதில் காத்திருப்பதற்கு எதுவும் இல்லை. உள்ளே உலோகத் தகடு இருக்கும் காலில் கிருமி தகட்டில் போய் ஒட்டிக்கொண்டால் விரட்டுவது மிகக் கடினம்.

வீட்டில் இருக்கும் எண்ணெய், பொடி, களிம்பு, ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் தடவ வேண்டாம். தையல் ஈரமில்லாமல் சுத்தமாக இருந்தால் போதும். பிரிக்கும் நாள் வழக்கமாக 10 முதல் 14 நாளுக்குள் வரும். அதுவரை குளியல் கிடையாது.

கிருமி வருவதற்கு முக்கியக் காரணம் நாய் நக்குவதுதான். நாயின் எச்சில் காயத்தை ஆற்றும் என்ற பழைய நம்பிக்கையை இந்த இரண்டு வாரமாவது மூட்டை கட்டி வையுங்கள். ஒரே இரவில் மொத்தத் தையலையும் நக்கிப் பிரித்துவிடும் நாய்கள் உண்டு. கூம்புக் காலரை மாட்டுங்கள், அதன் விளிம்பு மூக்கு நுனியைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். காற்றடைத்த வளையக் காலர் பார்க்க இதமாக இருக்கும். நீண்ட கழுத்துள்ள நாய் அதைச் சுற்றிக்கொண்டு முழங்காலை எட்டிவிடும். மாட்டிவிட்டு, எட்டுகிறதா என்று கண்ணெதிரே சோதித்துப் பார்த்த பிறகுதான் தூங்கப் போக வேண்டும். "பாவம், கொஞ்ச நேரம் கழற்றி விடுவோம்" என்ற இரக்கம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டும்.

## அறிகுறி: காலைத் தரையில் வைக்கவே இல்லை

எத்தனை நாள் ஆகிறது என்பதைப் பொறுத்தது. முதல் வாரத்தில் மூன்று காலில் தத்துவது பெரிய விஷயமில்லை. எலும்பு அறுத்த ஆபரேஷன் என்றால் இரண்டு வாரத்துக்குள் மெதுவாக நடக்கும்போதாவது பாதத்தை வைத்து எடுக்க வேண்டும். இழை கட்டியது என்றால் மூன்று வாரம் வரை பொறுக்கலாம். அதற்கு மேலும் தூக்கியே வைத்திருந்தால் காட்டுங்கள்.

நிற்கும்போது பாதம் தரையில் இருக்கிறது, ஆனால் பாரம் போடுகிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. நாய் அசையாமல் நிற்கும்போது அந்தப் பாதத்தின் அடியில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் தடங்கலில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தால் பாதம் சும்மா ஒப்புக்குத்தான் அங்கே இருக்கிறது. நாளாக நாளாகத் தாள் சிக்கத் தொடங்கும். இன்னொரு பாதத்திலும் செய்து ஒப்பிடுங்கள்.

காலை ஊன்ற வைக்க ஒரே தந்திரம், நடையை மிக மிக மெதுவாக்குவது. வேகமாகப் போனால் மூன்று காலில் தத்துவது நாய்க்குச் சுலபம். ஊர்வது போல நடக்க வைத்தால் நாலாவது காலை வைக்காமல் வேறு வழியில்லை. இழுவைக் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, உங்கள் காலுக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒவ்வொரு அடியும் வைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடங்கள். தத்த ஆரம்பித்தால் நின்றுவிடுங்கள், மறுபடி தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு நடைக்கும் 5 நிமிடம் போதும். அப்புறம் டாக்டர் சொல்லும் கணக்கில் வாரத்துக்கு ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். நீளும் கயிறு உள்ள தானியங்கி லீஷை இந்த மாதங்களில் பூட்டி வைத்துவிடுங்கள்.

பாத விரல்களுக்கு நடுவே சிக்கிய சின்னக் கல், நீண்ட நகம், முள்: இவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். முழங்காலையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும்போது காரணம் விரலிடுக்கில் இருக்கலாம்.

## அறிகுறி: நன்றாக ஊன்றி நடந்துகொண்டிருந்தது, திடீரென்று தூக்கிக்கொண்டது

இதுதான் இந்தக் குறிப்பிலேயே நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி.

முதலில் நேற்று என்ன நடந்தது என்று யோசியுங்கள். வாசலில் மணி அடித்ததும் பாய்ந்ததா? சோபாவிலிருந்து குதித்ததா? வழக்கத்தைவிட நீண்ட நடையா? அல்லது வலி மருந்து முடிந்து ஓரிரு நாள் ஆகிறதா? மருந்து நின்றதும் கொஞ்சம் நொண்டல் கூடுவது உண்டு. இப்படி ஒரு காரணம் தெரிந்து, கால் சூடாகவோ வீங்கியோ இல்லாமல், மெதுவாக நடந்தால் பாதத்தை வைக்கிறது என்றால், நடையை முந்தைய வாரத்து அளவுக்குக் குறைத்து 48 மணி நேரம் ஓய்வு கொடுங்கள். தசைப்பிடிப்பு என்றால் அதற்குள் தெளிந்துவிடும்.

48 மணி நேரத்தில் தேறவில்லை, அல்லது பாதத்தைத் தொடக்கூட வைக்கவில்லை என்றால், பின்வருவதில் ஏதாவது ஒன்று நடந்திருக்கலாம். எதுவென்று கண்டுபிடிப்பது உங்கள் வேலையில்லை. டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதற்காக மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

தகடு, திருகு, எலும்பு. எலும்பு சேரும் முன் பாய்ந்தாலோ விழுந்தாலோ திருகு தளரலாம், அறுத்த இடத்துக்குப் பக்கத்தில் எலும்பு விரிசல் விடலாம். இதில் பொதுவாக ஒரே நாளில் நிலைமை தலைகீழாகும், முழங்காலுக்கு முன்புறம் தொட்டால் துடிக்கும். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

இழை. நைலான் இழை தொய்ந்தாலும் அறுந்தாலும் ஆபரேஷனுக்கு முன் இருந்த மாதிரியே நொண்டல் திரும்பி வரும். எக்ஸ்ரேயில் இழை தெரியாது. டாக்டர் கையால் மூட்டை அசைத்துப் பார்த்துச் சொல்வார்.

மெனிஸ்கஸ். தொடை எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவில் இருக்கும் குருத்தெலும்பு மெத்தை இது. ஆபரேஷன் அன்று நன்றாக இருந்தது, வாரங்களோ மாதங்களோ கழித்துக் கிழியலாம். அடையாளம்: மடக்கி நீட்டும்போது "டக்" என்று ஒரு சத்தம் அல்லது கையில் உணரக்கூடிய ஒரு தட்டு, கூடவே நொண்டல். நொண்டல் இல்லாமல் எப்போதாவது மட்டும் கேட்கும் சத்தத்துக்குப் பதற வேண்டாம், அடுத்த முறை சொன்னால் போதும். கிழிந்த துண்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் நாய் விரைவில் தேறிவிடும்.

முழங்கால் முன்னால் இருக்கும் நாண். டிபிஎல்ஓ செய்த நாய்களுக்கு இரண்டாவது மாத வாக்கில் முழங்காற்சில்லுக்குக் கீழே உள்ள நாண் தடித்து வலிக்கலாம். இங்கே நொண்டல் திடீரென்று வராது. நன்றாகத் தேறிக்கொண்டு வந்த முன்னேற்றம் மெல்ல மந்தமாகும். நடையைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கிருமி. காய்ச்சல், சூடு, சோர்வு இருந்தால் இதை முதலில் சந்தேகிப்பார்கள்.

போகும்போது வீடியோ, மருந்துச் சீட்டு, நொண்டல் ஆரம்பித்த நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

## அறிகுறி: அடங்கவே மாட்டேன் என்கிறது

மூன்றாவது வாரத்துக்கு வருக. நாய்க்கு வலியில்லை, அடைபட்டுக் கிடக்கிறது, உங்களைப் பார்த்தால் சுற்றிச் சுற்றிக் குதிக்கிறது. வீட்டில் எல்லோரும் "இவ்வளவு நல்லா இருக்கே, இன்னுமா கட்டிப்போடணும்?" என்பார்கள். ஆமாம், கட்டத்தான் வேண்டும். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லும்வரை ஓட்டம், குதி, படிக்கட்டு, மற்ற நாயோடு விளையாட்டு எதுவும் கிடையாது.

சுதந்திரமாக விட்ட அறையைவிட, எழுந்து திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டோ தடுப்போ நாய்க்கு நிம்மதி தரும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓட வேண்டிய கடமை இல்லாமல் போய்விடுகிறது. கூண்டை வாசலும் சன்னலும் தெரியாத இடத்தில், ஆனால் நீங்கள் உட்காரும் அறையிலேயே வையுங்கள். வாசல் மணியை அணைத்துவிடுங்கள். வருகிறவர்களிடம் "நாயைக் கண்டுகொள்ளாமல் உள்ளே வாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதில் நாயைவிட விருந்தாளிகளைப் பழக்குவதுதான் கஷ்டம்.

காலுக்கு வேலையில்லாத நேரம் மூக்குக்கு வேலை கொடுங்கள். ஒரு வேளை உணவைக் கிண்ணத்தில் போடாமல் பழைய துண்டில் தூவிச் சுருட்டிக் கொடுத்தால் அதைப் பிரித்துத் தேடித் தின்பதிலேயே கணிசமான நேரம் போகும். மோப்பம் பிடித்துக் களைத்த நாய் ஓடிக் களைத்த நாயைப் போலவே தூங்கும். படுத்தபடியே செய்யக்கூடிய சின்னப் பயிற்சிகளும் நல்லது: கையை மூக்கால் தொடு, தலையைக் கீழே வை, இது எந்தக் கையில் இருக்கிறது சொல்.

இவ்வளவும் செய்து முடியவில்லை என்றால் அமைதிப்படுத்தும் மருந்து கேளுங்கள். இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. கூண்டுக்குள் சுழன்று துள்ளுகிற நாய்க்குத் தகடு தளர்வதைவிட டிராசோடோன் மேல். டாக்டர்கள் முதல் நாளே எழுதிக் கொடுப்பதும் உண்டு.

## அறிகுறி: தரையில் வழுக்குகிறது

பளபளப்பான தரை எல்லாவற்றிலும் ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி. படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், வாசல் இவை மூன்றையும் இணைக்கும் ஒரு பாதை போதும். பாதத்து முடியைக் கத்தரியுங்கள், நகத்தை வெட்டுங்கள். படி இறங்கும்போது வயிற்றுக்கடியில் துண்டு. ஆண் நாய் என்றால் துண்டு பிறப்புறுப்பை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன நாயைத் தூக்கும்போது ஒரு கை மார்புக்கு முன்னால், ஒரு கை தொடைகளுக்குப் பின்னால். அக்குளில் பிடித்துக் கால்கள் தொங்கத் தூக்கக் கூடாது.

## அறிகுறி: பயிற்சி செய்யும்போது காலை இழுத்துக்கொள்கிறது

மூட்டை மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சி சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நாய் ஒருக்களித்துப் படுத்து, தளர்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். தலையைத் திருப்புவது, உதட்டை நக்குவது, மூச்சை நிறுத்துவது, தொடை இறுகுவது: இவைதான் "போதும்" என்பதன் அடையாளம். அந்த அளவோடு நிறுத்தி, நாளை கொஞ்சம் கூட்டுங்கள். கட்டாயப்படுத்தி ஒரு தடவை வலிக்க வைத்தால் அடுத்த வாரம் முழுக்க உங்கள் கையைக் கண்டாலே ஒளியும்.

வீக்கமும் சூடும் போனபிறகு பயிற்சிக்கு முன் 10 நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்துவிட்டு வையுங்கள். மழித்த தோல் சீக்கிரம் சுடும். நீந்த வைப்பது, தண்ணீருக்குள் நடக்க வைப்பது இரண்டும் நல்ல சிகிச்சைகள், ஆனால் தையல் பிரித்துக் காயம் மூடி, டாக்டர் சரி என்ற பிறகு.

## அறிகுறி: தொடை சூம்பிப்போய்விட்டது

ஜவ்வு கிழிந்த நாள் முதலே அந்தத் தொடை இளைக்கத் தொடங்கியிருக்கும். முடி மழித்ததால் இப்போது பளிச்சென்று தெரிகிறது. தசை திரும்பப் பல மாதம் ஆகும். நின்ற நிலையில் இரண்டு தொடைகளின் சுற்றளவையும் ஒரே உயரத்தில் தையல் டேப்பால் அளந்து மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். டாக்டர் அனுமதித்த பிறகு உட்கார்ந்து எழும் பயிற்சிதான் இதற்குச் சிறந்தது. ஆனால் உட்காரும்போது அந்தக் காலை வெளிப்பக்கம் பரப்பி வைத்தால் எண்ணிக்கை கூட்டிப் பயனில்லை. ஒரு சுவர் ஓரமாக, கெட்ட கால் சுவர்ப் பக்கம் வரும்படி உட்கார வையுங்கள், பரப்ப இடமிருக்காது.

இதே சமயத்தில் எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வில் இருக்கும் நாய்க்குப் பழைய அளவு சாப்பாடு தேவைப்படாது. எவ்வளவு குறைக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு, பயிற்சிக்குக் கொடுக்கும் தின்பண்டத்தையும் அந்தக் கணக்கிலேயே கழித்துவிடுங்கள். கையால் தடவினால் விலா எலும்புகள் அழுத்தாமலே தட்டுப்பட வேண்டும்.

## அறிகுறி: எல்லாம் சரியாகி மாதங்கள் கழித்து மறுபடி நொண்டுகிறது

காலையில் எழும்போது விறைப்பு, கொஞ்சம் நடந்ததும் சரியாகிறது என்றால் மூட்டுத் தேய்மானம். ஜவ்வு கிழிந்த முழங்காலில் அது ஓரளவுக்கு வரவே செய்யும். எடைக் கட்டுப்பாடும் தினசரி சீரான நடையும் தேவைப்படும்போது மருந்தும் என்று பல வருடம் நிம்மதியாக ஓட்டலாம்.

முழங்காலின் உள்பக்கம் வீக்கம், அல்லது தோலில் சின்ன ஓட்டை விழுந்து விட்டு விட்டு நீர் வடிகிறது என்றால் தகட்டில் ஒளிந்திருந்த கிருமி. ஒரு வருடம் கழித்துக்கூட இப்படி வரலாம். எலும்பு சேர்ந்துவிட்டிருந்தால் தகட்டையும் திருகுகளையும் எடுத்துவிடுவது வழக்கம். அதற்குப் பிறகு அந்தக் கால் தகடு இல்லாமலே நன்றாக இருக்கும்.

நொண்டுவது எந்தக் கால் என்பதையும் நன்றாகப் பாருங்கள். சிலுவை ஜவ்வு பெரும்பாலும் ஒரே நாளில் அறுவதில்லை, நாள்பட நைந்துபோய்த்தான் கிழிகிறது. ஒரு காலில் நைந்தது மற்றதிலும் நைந்துகொண்டிருக்கலாம். ஒரு காலில் கிழிந்த நாய்களில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை, அடுத்த சில வருடங்களில் மறு காலிலும் கிழிகிறது. உட்காரும்போது இப்போது அந்த நல்ல கால் வெளியே பரப்பப்படுகிறதா, எழும்போது ஆபரேஷன் செய்த காலின் மேலேயே பாரம் விழுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் பழைய வீடியோக்களோடு போய் இரண்டு முழங்காலையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள். பாதி கிழிந்த நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டால், மெனிஸ்கஸ் அடிபடும் முன்பே டாக்டரால் வேலையை முடிக்க முடியும்.